எல்லையற்ற இலவசத்தின் கணக்கு

2025 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் திகதி, இலங்கை நேரப்படி மாலை 4.50 மணியளவில், உலகெங்கிலும் எண்ணற்ற இணையத்தளங்கள் ஒரே வேளையில் செயலிழந்தன. எக்ஸ் சமூக வலைத்தளமும் சட்ஜிபிடி சேவையும் மட்டுமன்றி, தமக்கிடையே எவ்விதத் தொடர்புமற்ற வர்த்தகத் தளங்களும் செய்தித் தளங்களும் கூட ஒரே விதமான பிழைச் செய்தியையே காட்டின. இரவு 8 மணியளவிலேயே நிலைமை பெருமளவுக்குச் சீரடைந்தது. இத்தளங்கள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைத் தலைமையகமாகக் கொண்ட கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலையமைப்பின் ஊடாகவே அவை தமது வாசகரைச் சென்றடைந்து கொண்டிருந்தன.

எதிரிகளின் தாக்குதல் எதுவும் இதற்குக் காரணமாக இருக்கவில்லை. உள்ளகத் தரவுத்தளம் ஒன்றின் அனுமதிகளில் செய்யப்பட்ட மாற்றத்தினால் ஒரு கோப்பு இரட்டிப்பாகப் பெருத்து, அதனைக் கையாளும் மென்பொருளை வீழ்த்திவிட்டது என நிறுவனமே பின்னர் விளக்கமளித்தது. அடுத்த மாதம் 5 ஆம் திகதி மீண்டும் ஏறத்தாழ 25 நிமிடங்களுக்கு மற்றுமொரு தடங்கல் ஏற்பட்டது.

உலக இணையத்தளங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இந்த ஒரு நிறுவனத்தின் சேவையைப் பெறுகின்றது. அந்தப் பாவனையாளர்களுள் மிகப் பெரும்பாலானோர் அதற்கு ஒரு சதமேனும் செலுத்துவதில்லை. எவ்வளவு பேர் வந்து வாசித்தாலும் பட்டையகலத்துக்கெனக் கட்டணம் அறவிடப்படமாட்டாது என்பதே அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ள சலுகையாகும். ஆதாயமின்றி எவரும் ஆற்றோடு போவதில்லை என்பது எமது முன்னோர் கண்ட உண்மை. அவ்வாறாயின் இந்த இலவசத்துக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? எமது சமூகங்களின் சிறிய செய்தித் தளங்களும் இலக்கிய இதழ்களும் நலன்புரி அமைப்புகளும் இத்தகைய சேவைகளை நாடும் இக்காலத்தில், இக்கேள்விக்கு விடை காண்பது அவசியமாகின்றது.

முதலில் இச்சேவை எத்தகையது என்பதைப் பார்ப்போம். ஓர் இணையத்தளத்தின் பக்கங்கள் எங்கோ ஓரிடத்தில் உள்ள சேர்வர் கணினியில் தங்கியிருக்கின்றன. அக்கணினி அமெரிக்காவில் இருந்தால், யாழ்ப்பாணத்திலோ காத்தான்குடியிலோ உள்ள வாசகர் ஒவ்வொரு தடவையும் கடல்களைக் கடந்தே அப்பக்கத்தைப் பெறவேண்டும். இதனைத் தவிர்க்க, பக்கங்களின் பிரதிகளை உலகின் பல நகரங்களில் வைத்து, வாசகருக்கு மிக அண்மையில் உள்ள பிரதியை வழங்கும் ஏற்பாடே உள்ளடக்க விநியோக வலையமைப்பு ஆகும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொம் லெய்ட்டன், டேனியல் லெவின் ஆகியோர் 1998 இல் தொடக்கிய அகமாய் நிறுவனமே இத்துறையின் முன்னோடி. பல வருடங்களாகப் பெரும் நிறுவனங்கள் மட்டுமே விலைகொடுத்து வாங்கக்கூடிய சேவையாக இது இருந்தது. மத்தியூ பிரின்ஸ், மிஷெல் சாட்லின், லீ ஹொலோவே ஆகிய மூவர் உருவாக்கிய கிளவுட்ஃபிளேர், 2010 செப்டெம்பரில் இதனைச் சிறிய தளங்களுக்கு இலவசமாகவே திறந்துவிட்டது.

இதிலுள்ள புதிரை விளங்கிக்கொள்ள வேறொரு நிறுவனத்தின் விலைப்பட்டியலைப் பார்க்கலாம். அமேசானின் அமெரிக்கத் தரவு மையங்களில் இருந்து வெளியே செல்லும் தரவுக்கு, மாதந்தோறும் வழங்கப்படும் முதல் 100 கிகாபைட் சலுகைக்குப் பின்னர், ஒரு கிகாபைட்டுக்கு 9 அமெரிக்க சதம் என்பதே முதற்கட்ட விலையாக இருந்துவருகின்றது. ஒருவர் கிகாபைட் கணக்கில் விற்கும் பண்டத்தை இன்னொருவர் அளவின்றி இலவசமாக வழங்குவது எவ்வாறு சாத்தியமாகும்?

விலை வேறு, அடக்கச் செலவு வேறு என்பதே இதற்கான முதல் விடை. பெரும் வலையமைப்புகள் பட்டையகலத்தை எரிபொருளைப் போல லீற்றர் கணக்கில் வாங்குவதில்லை. குழாயின் அகலத்துக்கே அவை பணம் செலுத்துகின்றன. டிரான்சிட் எனப்படும் கடத்தல் சேவையை விற்கும் நிறுவனங்கள், பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பாவனை வேகத்தை அளந்து பதிவுசெய்கின்றன. மாதத்தில் அதிகூடிய பாவனை பதிவான 5 சதவீத நேரம், அதாவது ஏறத்தாழ 36 மணித்தியாலங்கள், கணக்கில் இருந்து கழித்துவிடப்படும். எஞ்சிய பதிவுகளில் உயர்ந்த அளவே கட்டணத்துக்கு அடிப்படையாகும். எனவே உச்ச நேரத்துக்குப் புறம்பாகச் செல்லும் தரவு எவ்வளவாக இருந்தாலும் வாங்குபவருக்கு மேலதிகச் செலவு ஏற்படுவதில்லை. மாதம் சில ஆயிரம் வாசகரைக் கொண்ட ஒரு சிறிய தமிழ் இதழின் எழுத்துப் பக்கங்கள் இந்தப் பெருங்குழாயில் ஒரு துளிக்கும் குறைவானவை.

இரண்டாவது விடை மேலும் நுட்பமானது. இத்தகைய உடன்படிக்கைகளில் உள்வரும் தரவு, வெளிச்செல்லும் தரவு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் அறவிடப்படுவது வழமை. பிரதிகளை விநியோகிக்கும் வலையமைப்பிலிருந்து வெளிச்செல்லும் தரவே எப்போதும் மிகையாக இருக்கும். ஆகவே உள்வரும் பாதை பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றது. ஆயிரக்கணக்கான கணினிகளில் இருந்து பொய்க் கோரிக்கைகளைக் குவித்து ஒரு தளத்தை முடக்கும் தாக்குதல்கள் வந்துசேர்வது இந்த வெறும் பாதையின் வழியேதான். ஏற்கெனவே பணம் செலுத்தப்பட்ட இடத்திலேயே தாக்குதலை வாங்கி அழித்துவிட முடிவதால், எவ்வளவு பெரிய தாக்குதலாயினும் மேலதிகக் கட்டணமின்றிப் பாதுகாப்பு வழங்கப்படும் என 2017 செப்டெம்பரில் இலவசப் பாவனையாளருக்கும் அறிவிக்க அந்நிறுவனத்தால் முடிந்தது.

மூன்றாவது விடையே எல்லாவற்றிலும் முக்கியமானது. இணையத்தில் இரு வலையமைப்புகள் நேரடியாக இணைந்து, ஒருவருக்கொருவர் கட்டணம் அறவிடாமல் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கம் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்று எல்லோருடனும் இவ்வாறு இணைவதில்லை. தனது வாடிக்கையாளர் அதிகம் நாடும் தளங்களை யார் வைத்திருக்கின்றாரோ அவருடன் இணைவதிலேயே அதற்கு இலாபம் உண்டு. வெளிநாட்டில் இருந்து பக்கங்களைக் கொண்டுவர அந்த நிறுவனமும் டொலரில் பணம் செலுத்துகின்றது அல்லவா? பிரதி உள்ளூரிலேயே இருந்தால் இரு தரப்புக்கும் அச்செலவு மீதமாகின்றது. கிளவுட்ஃபிளேர் இன்று 330 இற்கும் மேற்பட்ட நகரங்களில் நிலையங்களை வைத்திருக்கின்றது. கொழும்பும் அவற்றுள் ஒன்றாகும்.

இந்தப் பேரம்பேசும் பலம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு 2014 இல் அந்நிறுவனமே வெளியிட்ட ஒப்பீடு சான்றாகும். அவ்வேளையில் கடத்தல் சேவையின் விலை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்ததைப் பார்க்க ஆசியாவில் ஏறக்குறைய 7 மடங்காகவும் அவுஸ்திரேலியாவில் 20 மடங்காகவும் இருந்தது. ஐரோப்பா முழுவதற்கும் மாதாந்தம் செலுத்திய தொகைக்கு நிகரான தொகையை அவுஸ்திரேலியாவுக்கு மட்டும் செலுத்த நேர்ந்ததாக அது கூறியது. நேரடிப் பரிமாற்றம் அதிகரிக்க அதிகரிக்கவே இச்செலவு குறையும். நேரடிப் பரிமாற்றத்தைப் பெறுவதற்கோ நிறையத் தளங்கள் கையில் இருக்கவேண்டும். இலட்சக்கணக்கான சிறிய தளங்களை இலவசமாகச் சேர்த்துக்கொண்டதன் இரகசியம் இங்கேயே உள்ளது. பணம் தராத பாவனையாளர் தமது வாசகரைத் தருகின்றார். அந்த வாசகர் கூட்டத்தைக் காட்டியே நிறுவனம் பணம் தரும் வாடிக்கையாளருக்கான பாதையையும் மலிவாக்கிக் கொள்கின்றது.

வேறு ஆதாயங்களும் உண்டு. 2019 ஜூலை 2 ஆம் திகதி ஏற்பட்ட 27 நிமிடத் தடங்கல் பற்றி அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், புதிய மென்பொருள் முதலில் தமது ஊழியரிடையேயும், அடுத்ததாகக் கட்டணம் செலுத்தாத வாடிக்கையாளரில் ஒரு பகுதியினரின் ஊடாகவும் சோதிக்கப்படுவது விளக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டாம் கட்ட நிலையத்துக்கு ஆய்வுகூடப் பரிசோதனை விலங்கின் பெயரே சூட்டப்பட்டிருந்தமை குறிப்பிடத்தக்கது. புதிய தாக்குதல்கள் எங்கே, எவ்வாறு தோன்றுகின்றன என்ற தகவலும் இலவசத் தளங்களில் இருந்தே பெருமளவில் கிடைக்கின்றது. தனது சிறிய தளத்துக்கு இலவசமாகப் பயன்படுத்திப் பழகிய பொறியியலாளரே, நாளை தான் பணிபுரியும் பெரிய நிறுவனத்துக்கும் அதனைச் சிபார்சு செய்கின்றார்.

நிறுவனத்தின் கணக்கேடும் இதனை உறுதிப்படுத்துகின்றது. பங்குச் சந்தைக்கு அது சமர்ப்பிக்கும் ஆண்டறிக்கைகளில், இலவசப் பாவனையாளருக்கான பட்டையகலச் செலவு விற்பனை மற்றும் சந்தைப்படுத்தல் என்ற தலைப்பின் கீழேயே சேர்க்கப்படுகின்றது. ஏனைய நிறுவனங்கள் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தை இது இலவசச் சேவையில் செலவிடுகின்றது எனலாம். 2024 ஆம் ஆண்டில் அதன் வருமானம் ஏறத்தாழ 1.67 பில்லியன் டொலராகும். ஆண்டுக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தும் சுமார் 3,500 பெரிய வாடிக்கையாளரிடமிருந்தே அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான தொகை கிடைத்தது. ஆயினும் அவ்வாண்டின் இறுதிக் கணக்கு நட்டத்திலேயே முடிந்தது. வளர்ச்சியை நம்பிப் பங்குகளை வாங்கியோரின் பொறுமையும் இந்த இலவசத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றது என்பதை மறந்துவிடலாகாது.

ஆக, இதனை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. தருமம் என்று சொல்வதற்கும் இடமில்லை. இது ஒரு பண்டமாற்று. எமது சமூகங்கள் உண்மையான தருமத்தை நன்கு அறிந்தவை. கோயிலுக்கோ மடத்துக்கோ தர்மசாதனம் எழுதிவைப்பவரும், பள்ளிவாசலுக்கு வக்பு செய்பவரும் அச்சொத்தைப் பின்னர் தம் விருப்பப்படி மீளப்பெற முடியாது. அதன் பயன் யாருக்கு உரியது என்பதும், அதனைப் பரிபாலிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் அங்கே வரையறுக்கப்பட்டிருக்கும். இணைய நிறுவனத்தின் இலவசமோ அதன் சேவை நிபந்தனைகளில் தங்கியிருப்பது. அந்நிபந்தனைகளை எழுதுவதும் மாற்றுவதும் அந்நிறுவனமே. சேவை தடைப்பட்டால் நட்டஈடு வழங்கும் உறுதிமொழியும் உயர்கட்டணம் செலுத்துவோருக்கு மட்டுமே உண்டு.

எல்லையற்றது எனப்படும் சேவைக்கு எல்லைகளும் உள்ளன. பெரும் காணொளிகளை இலவச வலையமைப்பின் ஊடாகக் கொட்டுவதை நிபந்தனைகள் கட்டுப்படுத்துகின்றன. காணொளி, குழாயின் உச்ச அளவையே உயர்த்திவிடக் கூடியது என்பதால் மேலே சொன்ன கணக்கு அங்கே பொருந்தாது. இலவசத்தின் கணக்கு பொருந்தாமற் போகும்போது என்ன நேரும் என்பதை 2016 செப்டெம்பரில் அமெரிக்க ஊடகவியலாளர் பிரயன் கிரெப்ஸ் கண்டார். கணினிக் குற்றவாளிகளை அம்பலப்படுத்தி வந்த அவரது தளத்துக்கு அகமாய் நிறுவனம் கட்டணமின்றிப் பாதுகாப்பளித்து வந்தது. அம்மாதம் 20 ஆம் திகதி வினாடிக்கு ஏறத்தாழ 620 கிகாபிட் அளவில் அத்தளத்தின் மீது தாக்குதல் தொடுக்கப்பட்டது. அதனை அகமாய் தாக்குப்பிடித்த போதிலும், பணம் செலுத்தும் வாடிக்கையாளர் பாதிக்கப்படும் நிலையில் அவரைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது எனக் கைவிரித்தது. கூகுள் நிறுவனத்தின் புரொஜெக்ட் ஷீல்ட் திட்டம் அவரைச் சேர்த்துக்கொண்ட பின்னரே தளம் மீண்டும் இயங்கியது. யாரையும் குறைகூறுவதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. வருமானம் தராத விருந்தினருக்குச் செலவு பெருகும்போது விருந்தோம்பல் முடிவுக்கு வருவது வியாபாரத்தின் இயல்பு.

வருமான வழியே இல்லாத இலவசம் இதனிலும் ஆபத்தானதாக மாறக்கூடும். பழைய உலாவிகளுக்குத் துணைசெய்யும் நிரற்றுண்டுகளை விநியோகித்து வந்த பொலிஃபில் என்ற இலவசச் சேவை, பிரித்தானியாவின் பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையில் பணியாற்றிய பொறியியலாளரின் முயற்சியால் உருவானது. நன்கொடையாகக் கிடைத்த பட்டையகலத்தில் அது இயங்கியது. 2024 பெப்ரவரியில் அதன் இணைய முகவரி ஃபனல் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஜூன் மாதத்தில், அச்சேவையை இணைத்திருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் ஊடாகத் தீய நிரல்கள் பரப்பப்படுவது கண்டறியப்பட்டது. ஃபனல் நிறுவனத்தின் மீது 2025 மே மாதத்தில் அமெரிக்கத் திறைசேரி தடை விதித்தது. தமது தளத்தில் ஒரு வரியை இணைத்துவிட்டு மறந்திருந்தோர் அனைவரும், தாம் அறியாத ஒருவருக்குத் தமது வாசலின் திறப்பைக் கொடுத்திருந்தனர்.

வாசல் என்ற சொல் இங்கே பொருத்தமானது. தளத்துக்கும் வாசகருக்கும் இடையில் நிற்பவர், மறைகுறியாக்கப்பட்ட தகவலைத் தம்மிடத்தில் திறந்து, மீண்டும் பூட்டியே அனுப்புகின்றார். வாசகரின் கடவுச்சொற்களும் கடிதங்களும் அவ்விடத்தைக் கடந்தே செல்கின்றன. யாரை உள்ளே விடுவது, யாருக்கு நிழல் கொடுப்பது என்ற அதிகாரமும் அவரிடமே சேர்கின்றது. 2017 ஓகஸ்டில் நாஸிசம் பேசிய டெய்லி ஸ்டோர்மர் தளத்தைக் கிளவுட்ஃபிளேர் வெளியேற்றியபோது, இத்தகைய அதிகாரம் தனியொருவரிடம் இருக்கக்கூடாது என்பதை அதன் தலைவர் பிரின்ஸே ஒப்புக்கொண்டார். 2019 மார்ச் 15 ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரு பள்ளிவாசல்களில் 51 பேரின் உயிரைப் பறித்த கொலைகாரன், தனது வெறுப்பு அறிக்கைக்கு 8சான் தளத்தில் விளம்பரம் தேடினான். அந்தத் தளத்துக்கான சேவை, அவ்வாண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் எல் பாசோ படுகொலைக்குப் பின்னரே நிறுத்தப்பட்டது. மறுபுறத்தில், ஆபத்துக்குள்ளாகும் ஊடகவியலாளருக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் புரொஜெக்ட் கலிலியோ என்ற திட்டத்தின் மூலம் இந்நிறுவனம் 2014 முதல் இலவசப் பாதுகாப்பு வழங்கி வருகின்றது. 2025 ஜூலை முதல், புதிதாக இணையும் தளங்களில் இருந்து செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அனுமதியின்றி எழுத்துக்களை அள்ளிச்செல்வதைத் தடுக்கும் ஏற்பாட்டையும் செய்தது. இவற்றில் நன்மையும் உண்டு, தாமதமும் உண்டு. ஆனால் இரண்டையும் தீர்மானித்தது ஒரே கை. அந்தக் கைக்கு வலுவூட்டியதில் பணம் தராத இலட்சக்கணக்கான தளங்களுக்கும் பங்குண்டு.

அவ்வாறாயின் இச்சேவைகளை விட்டு விலகிவிட வேண்டுமா? எம்மைப் போன்ற நாட்டில் அது நடைமுறைக்கு ஒவ்வாத ஆலோசனை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயப் பெறுமதி, மே மாதமளவில் 360 ரூபா அளவுக்கு வீழ்ந்ததை நாம் அனுபவித்தோம். டொலரில் செலுத்தவேண்டிய எந்தக் கட்டணமும் ரூபாவில் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்துவிட்ட அந்நாட்களில், கட்டணமற்ற சேவை ஒன்றின் அருமை சிறிய பதிப்பாளருக்குத் தெரிந்திருக்கும். விளம்பர வருவாய் சொற்பமான, தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய சிறுபான்மைச் சமூக ஊடகங்களுக்கு இச்சேவைகள் தரும் பாதுகாப்பு அற்பமானதன்று.

வேண்டியது விலகல் அன்று, விழிப்பு. இணைய முகவரியின் பதிவு அமைப்பின் சொந்தப் பெயரில், முடிந்தால் விநியோகச் சேவை வழங்குவோரிடமன்றி வேறிடத்தில் இருக்கவேண்டும். மூலப் பக்கங்களின் முழுமையான பிரதியொன்று தம் கைவசம் எப்போதும் இருத்தல் அவசியம். விநியோக வலையமைப்பு செயலிழந்தால் வாசகரை நேரடியாக மூலத் தளத்துக்கு அனுப்பும் வழிமுறை எழுத்தில் குறித்துவைக்கப்பட வேண்டும். அதனை அறிந்தவர் ஒருவராக மட்டும் இருக்கலாகாது. ஏதோ ஓர் இலவசச் சேவையில் இருந்து இழுத்துவரும் நிரல்களைச் சொந்தத் தளத்திலேயே பிரதிசெய்து வைப்பது பொலிஃபில் கற்பித்த பாடம். அவ்வாறு இலவச விநியோகத்தை நாடித்தான் ஆகவேண்டுமெனில், பல நிறுவனங்களின் கூட்டு அனுசரணையில் இயங்கும் ஜேஎஸ்டெலிவர் போன்ற, ஒருவர் விலகினாலும் மற்றவர் தாங்கக்கூடிய ஏற்பாடுகள் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை.

இவற்றைத் தனித்தனியே செய்வது சிறிய இதழ்களுக்குச் சுமையாகலாம். பொது நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கூடிப் பணம் திரட்டிய சமூகங்கள் நாம். தமிழ், முஸ்லிம் ஊடகங்களும் எழுத்து ஆவணங்களைப் பேணும் அமைப்புகளும் ஒன்றிணைந்து, மூலப் பிரதிகளைப் பேணும் பொது ஏற்பாடொன்றைக் குறைந்த செலவில் நடத்துவது கைகூடாத காரியமல்ல. எமது எழுத்துக்களை உலகெங்கும் கொண்டுசெல்லும் வேலையை யாரேனும் இலவசமாகச் செய்தால் நன்றியுடன் பயன்படுத்திக்கொள்வோம். அவற்றைக் காப்பாற்றும் வேலையை மட்டும் பிறருடைய சந்தைப்படுத்தல் செலவில் விட்டுவைக்க முடியாது.